உருளியில் பூ போடாதீர்கள்

நேற்றுக் காலை நான் வந்தபோது, நம் பயிற்சி முற்றத்தின் நடுவில் இருக்கும் பெரிய, வாயகன்ற வெண்கல உருளியில் தண்ணீர் நிரப்பி, செவ்வந்தியும் ரோஜாவும் மிதக்க விட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்ற டீச்சர் வருகிறாள், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பீர்கள். நானோ வந்ததும் வராததுமாகப் பூவையெல்லாம் அள்ளி வெளியே எடுத்துவிட்டுத் தண்ணீரையும் கவிழ்த்தேன். உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தேன். சத்தியமாகக் கோபமில்லை. அந்த ரோஜாவில் ஒன்றைத் தலையில் செருகிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

அந்த உருளி காலியாகத்தான் இருக்க வேண்டும். ஏன் என்று நேற்றே சொல்லியிருக்கலாம். ஆனால் அது நின்றுகொண்டு சொல்கிற கதை இல்லை. அதனால் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மலையாளத்தில் எழுதினால் என் பிழைகளைப் பார்த்துச் சிரிப்பீர்கள். ஆகவே படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

நான் சொல்லித் தந்ததும், இப்போது நீங்கள் சொல்லித் தருவதும் பாகுவா. தாவோ மரபில் வந்த சீனத் தற்காப்புக் கலை. அதன் அடிப்படை, ஒரு வட்டத்தின் மேல் நடப்பது. அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்குச் சப்பென்று இருக்கும். முன்கால் தரையை ஒட்டியே போகும், ஆனால் எடை அதன் மேல் ஏறாது. தரை சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எடை பின்காலிலிருந்து மெல்ல முன்னே வரும். முன்கால் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், பின்கால் வீட்டைக் காக்கட்டும் என்று நான் சொல்வேன். கொஞ்ச நேரம் ஒரு பக்கமாகச் சுற்றினால் அதே அளவு மறுபக்கமாகவும் சுற்ற வேண்டும். இது கால் வழியாக உடம்புக்குள் இறங்கிய பிறகுதான் கையை வீசுவதெல்லாம். உங்களுக்கு இது தெரியும். புதிதாக வருகிறவருக்கு இது தெரியாது, தெரிந்தாலும் பிடிக்காது. 'எப்போது சண்டை கற்றுத் தருவீர்கள்?' என்று கேட்பார்கள். அங்கேதான் உங்கள் வேலை ஆரம்பிக்கிறது.

நானும் அப்படிக் கேட்டவள்தான். சிங்கப்பூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்த காலத்தில், வீட்டுக்கு அருகிலிருந்த பூங்காவில் ஒரு சீன அம்மாள் சொல்லித் தந்தார். அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. அரைகுறை ஆங்கிலம் இருவருக்கும் பொது. 'அடுத்தது என்ன?' என்று நான் கேட்கும்போதெல்லாம் குனிந்து என் குதிகாலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது நான் நடந்துகொண்டிருந்தால் சிரிப்பார். உட்கார்ந்திருந்தால் மீனை மட்டும் காட்டுவார். எனக்கு அவ்வளவு சிரிப்பு வரும். என் வாழ்க்கையில் அந்தப் பூங்காவில் இருந்த அளவு சந்தோஷமாக வேறெங்கும் இருந்ததில்லை.

கொச்சியில் நம் மட்டாஞ்சேரிக்குத் திரும்பி, சுக்குக் கிடங்குக்குப் பின்னால் இந்த முற்றத்தை வாடகைக்குப் பிடித்தேன். சுக்கு வாசனை அப்போது இன்னும் தூக்கலாக இருக்கும். நடந்து முடிப்பவர்கள் தும்மிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். அந்த நாட்களில் வந்தவர்தான் மணி.

நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, யாரோடும் பேசாமல் நடந்துவிட்டு, போகும்போது எல்லோருக்கும் சாயா சொல்லிவிட்டுப் போவாரே, அவரேதான். கல்யாணச் சமையல் கோஷ்டியில் பந்தி விளம்புகிறவர். பரிமாறுவதை இங்கே விளம்புவது என்போம். இலை வரிசைக்கு நடுவே சூடான வாளியோடு அவர் போகிற அழகைப் பார்க்கவே சிலர் இரண்டாம் பந்திக்குக் காத்திருப்பார்கள். அப்படிப்பட்டவர், இடக்கொச்சியில் ஒரு கல்யாணத்தில் வரிசை முடிந்து திரும்பும்போது வழுக்கி விழுந்தார். ரசம் முழுக்கத் தரையில். கொஞ்சம் அவர் காலில், மிச்சம் மாப்பிள்ளையின் சித்தப்பா கட்டியிருந்த பட்டு வேட்டியில். புண் ஆறிவிட்டது. ஆனால் பந்திக்குள் நுழைந்தாலே கால் நடுங்க ஆரம்பித்தது. கோஷ்டித் தலைவர் அவரைப் பின்கட்டில் சேனைக்கிழங்கு நறுக்க உட்கார வைத்துவிட்டார்.

அதைக்கூட மணி பொறுத்துக்கொண்டார். அவரை இங்கே விரட்டியது வேறொன்று. அவர் தங்கை லலிதாவின் பெண் காயத்ரிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் மாலை மாற்றும்போது பெண்ணைத் தாய்மாமன் தோளில் தூக்கிக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளையை அவருடைய மாமன் தூக்குவார். மாலை சுலபமாக விழுந்துவிடாதபடி இரண்டு மாமன்களும் விலகி ஓடி விளையாட்டுக் காட்டுவார்கள். லலிதாவோ நல்ல மனதோடுதான், "அண்ணா, நீ சிரமப்பட வேண்டாம். சுரேஷ் தூக்கிப்பான். அவன் ஜிம்முக்குப் போற பையனாக்கும்" என்று சொல்லிவிட்டாள். சுரேஷ் அவர்களுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

அன்று சாயங்காலம் மணி இங்கே வந்து நின்ற கோலம் எனக்கு மறக்காது.

"டீச்சரே, அடி, உதை, என்ன வேணும்னாலும் கத்துத் தாங்கோ. எனக்கு பலம் வேணும். காயத்ரியை வேற ஒருத்தன் தூக்கறதைப் பாத்துண்டு நான் சேனை நறுக்க மாட்டேன்."

"பலம் உங்களுக்குப் போதும். நடங்கள்," என்றேன்.

"நடக்கத் தெரியாமலா இங்க வரைக்கும் வந்தேன்?"

"விழாமல் வந்தீர்கள். அது வேறு."

முறைத்தார். ஆனால் நடந்தார்.

இப்போது உருளிக்கு வருகிறேன். வட்டத்துக்கு நடுவே ஒரு பொருள் இருந்தால் கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்கும். கனமான பொருளாக இருக்கட்டும் என்று நான் வீட்டிலிருந்த பித்தளை நிலவிளக்கை, அதாவது குத்துவிளக்கை, கொண்டுவந்து வைத்தேன். எண்ணெய் இல்லை, திரி இல்லை, வெறும் விளக்கு. வலம் வருகிற திசையில் எல்லோரும் அருமையாகச் சுற்றினார்கள். மணி கை கூப்பிக்கொண்டே சுற்றினார். 'மறுபக்கம் திரும்புங்கள்' என்றேன். வகுப்பே நின்றுவிட்டது. படகு ஓட்டும் ஜோசப் சேட்டன் மட்டும், "எனிக்கு ரெண்டு சைடும் ஒண்ணு தன்னே" என்று ஜாலியாகத் திரும்பிப் போனார்.

"விளக்கை எதிர்ப்பக்கமாச் சுத்தப்படாது டீச்சரே," என்றார் மணி. "கால் வராது."

சரி, விளக்கு வேண்டாம். மர முக்காலி வைத்தேன். யாரோ அதன் மேல் மல்லிகைச் சரத்தைக் கழற்றி வைத்தார்கள். மறுநாள் அதற்குச் சந்தனப் பொட்டு வந்துவிட்டது. முக்காலியை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்தேன். அந்த வாரமே செங்கல்லுக்குக் குங்குமம் ஏறியது. யார் வைத்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. நம் ஆட்கள் நடுவில் இருக்கும் எதையும் சும்மா விடமாட்டார்கள். சீனாவில் இந்தக் கலையை உருவாக்கியவர்களுக்கு இப்படி ஒரு தொந்தரவு வந்திருக்குமா என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

சிரித்தாலும் உள்ளே கவலைதான். மணியின் கோளாறு அந்த மறுபக்கத்தில்தான் இருந்தது. வாளி எப்போதும் இடது கையில், நடப்பது எப்போதும் ஒரே வாக்கில். அந்தப் பக்கம் தண்ணீர் மாதிரிப் போவார். மறுபக்கம் திரும்பினால் எடை முழுவதையும் அப்படியே முன்காலில் போட்டுவிடுவார். இடக்கொச்சியில் விழுந்ததும் அப்படித்தான். இதைச் சரிசெய்யாமல் அவருக்குக் கைவீச்சும் உதையும் சொல்லிக் கொடுத்தால், பயத்தை மூடி வைத்த மாதிரி ஆகுமே தவிர, பயம் போகாது.

ஒருநாள் அவருக்கும் பொறுமை போயிற்று. "எறணாகுளம் பிராட்வேல ஒரு கராத்தே வகுப்பு இருக்காம். மொதல் நாளே உதைக்க விடறானாம். நான் போறேன்."

மனசு கிடந்து தவித்தது. ஒரே ஒரு கைவீச்சைக் காட்டினால் ஆள் தங்கிவிடுவார். எனக்கு அது கைவந்த வேலை. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும், அன்றைக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள். நான் குனிந்து அவர் குதிகாலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, "கல்யாணத்தில் மாப்பிள்ளையோட மாமனை உதைக்கப் போகிறீர்களா?" என்று கேட்டேன்.

 அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே போனவர் மறுநாள் தள்ளுவண்டியில் ஒரு பழைய உருளியோடு வந்தார். கோஷ்டித் தலைவர் ஒதுக்கி வைத்திருந்த பாயச உருளி, விளிம்பு நெளிந்தது.

"இதை நடுவுல வைங்கோ டீச்சரே. பாலடைப் பாயசம் கிண்டறப்போ நாங்க இதைச் சுத்திச் சுத்தித்தான் வருவோம். அடி பிடிக்காம இருக்க இந்தப் பக்கமும் கிண்டணும், அந்தப் பக்கமும் கிண்டணும். காலி உருளியை யாரும் கும்பிட மாட்டா."

அன்றுதான் முதல்முறையாக மணி மறுபக்கம் திரும்பி நடந்தார். மெதுவாக, தடுமாறி, முகமெல்லாம் வேர்க்க. ஆனால் கால் வந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. தட்டினால் கெட்டுவிடும் என்று சுக்கு மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு நடை, நடை, நடை. மழை வந்தது, போயிற்று. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆக ஆரம்பித்தது. அவரே அதைக் கவனிக்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் லலிதா தனியாக வந்தாள். சுரேஷ் தயாராக இருக்கிறான், அண்ணனும் தயார் என்று நிற்கிறார், என்ன செய்வதென்று தெரியவில்லை என்றாள்.

"உள்ளதைச் சொல்லுங்கோ டீச்சர். அண்ணா மனசு நோகக் கூடாதுன்னு எனக்கும் இருக்கு. ஆனா தோள்ல ஒக்காரப் போறது என் கொழந்தை. அண்ணா விழுந்தா அவளும் விழுவா. அவன் வழுக்க மாட்டான்னு சொல்ல முடியுமா உங்களால?"

இதுதான் நான் உங்களிடம் சொல்ல வந்த இடம். 'மாட்டார்' என்று சொல்ல ஆசையாக இருந்தது. 'எதற்கு வம்பு, சுரேஷே தூக்கட்டும்' என்று ஒதுங்கிக்கொள்ள அதைவிட ஆசையாக இருந்தது. முதலாவது பொய். இரண்டாவது என்னை மட்டும் காப்பாற்றுகிற பதில். மணியின் முகத்தையோ அவர் ஆசையையோ நினைக்காமல், முந்தின நாள் பார்த்த அவர் குதிகாலை மட்டும் நினைத்துக்கொண்டேன்.

"வழுக்காது என்று சொல்ல மாட்டேன் அம்மா. ஈரத்தில் யாருக்கும் வழுக்கும். ஆனால் முன்கால் வழுக்கினால் அவர் எடை பின்காலில் இருக்கும். அதை நான் சொல்வேன். சுரேஷுக்கு அப்படி இருக்குமா என்று எனக்குத் தெரியாது."

லலிதா உருளியின் நெளிந்த விளிம்பைத் தடவிப் பார்த்தாள். "அப்போ அண்ணாவே தூக்கட்டும்," என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்யாண மண்டபத்தின் வாசலில் மாலை மாற்றல். கழுவிவிட்ட சிமெண்டுத் தரை, அதன் மேல் உதிர்ந்த பூ. மாப்பிள்ளையின் மாமன் கோயம்புத்தூர்க்காரர், நல்ல மீசை, தூண் மாதிரி தொடை. மாப்பிள்ளையை அனாயாசமாகத் தூக்கிக்கொண்டார். மணி குனிந்தார், காயத்ரி ஏறினாள், அவர் நிமிர்ந்தார். 

நாதஸ்வரம் கிளம்பியதும் கோயம்புத்தூர் மாமன் பாய்ந்து வந்தார். மணி ஓடவில்லை. நடந்தார். முற்றத்தில் நடக்கிற அதே நடை. வட்டத்தின் விளிம்பிலேயே, தோளில் காயத்ரி கொஞ்சமும் குலுங்காமல். எதிராளி எங்கே வந்தாலும் மணி அங்கே இல்லை. மாப்பிள்ளை மாலையை நீட்டி நீட்டிக் காற்றுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. காயத்ரி மேலிருந்து, "விடாதே மாமா!" என்று கத்தினாள். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மந்திரம் சொல்லும் வாத்தியார் மட்டும், "முகூர்த்தம் போறது, போதும்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் மணியின் முன்கால் போகிற இடத்தில், மாலையிலிருந்து அறுந்த பூச்சரம் ஒன்று ஈரத்தில் கிடந்ததைப் பார்த்தேன். கத்தலாம் என்று வாயெடுத்தேன். கத்தியிருந்தால் அவர் என்னைப் பார்ப்பார், காலைப் பார்க்க மாட்டார். வாயை மூடிக்கொண்டேன்.

கால் பூச்சரத்தின் மேல் போயிற்று. வழுக்கியது. எடை அங்கே இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி கால் திரும்பி வந்தது. அந்த மூச்சிலேயே மணி மறுபக்கம் திரும்பி நடந்தார். எந்தப் பக்கம் கால் வராது என்று சொன்னாரோ, அந்தப் பக்கம்.

கோயம்புத்தூர் மாமன் இதை எதிர்பார்க்கவில்லை. அவர் எடை மொத்தமும் முன்னால் பாய்ந்துவிட்டது. அதே பூச்சரத்தில் அவர் கால் பட்டது. தோளிலிருந்த மாப்பிள்ளை சாய்ந்தார், கூட்டத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. மணி விலகிப் போயிருக்கலாம். ஆட்டத்தின் விதியே விலகுவதுதான். அவர் வட்டத்தை விட்டு உள்ளே ஓர் அடி வைத்து, தன் முழங்கையை அந்த மனிதரின் கக்கத்துக்குக் கீழே கொடுத்து நின்றார். தோளில் ஒரு பெண், கையில் ஒரு மலை. நின்றார். விழப் போன மாப்பிள்ளை காயத்ரியின் கையைப் பிடித்துக்கொள்ள, அவள் மறுகையால் மாலையை அவர் கழுத்தில் போட்டுவிட்டாள்.

கூட்டம் போட்ட அந்தச் சத்தத்தை நான் வேறெந்தக் கல்யாணத்திலும் கேட்டதில்லை. லலிதா அழுதாள், நான் அழுதேன். கோயம்புத்தூர் மாமன் மாப்பிள்ளையைக் கீழே இறக்கியதும் மணியைக் கட்டிக்கொண்டு, "எந்த ஜிம்முங்க?" என்று கேட்டார்.

பந்தி ஆரம்பித்தபோது மணியைக் காணவில்லை. என் இலைக்கு முன்னால் ஒரு பாலடை வாளி வந்து நின்றது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, மேல்துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவரே. யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. விளம்பிக்கொண்டே வரிசைக் கடைசி வரை போனார், திரும்பினார், வந்தார். பாயசத்தில் உப்புக் கரிக்கிற மாதிரி எனக்கு ஓர் அழுகை. இந்தத் தொழிலில் சம்பளம் கம்மி என்று முணுமுணுக்கிறீர்களே, அந்தப் பாயசத்தை உங்களுக்கு யாராவது விளம்ப வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

மறுவாரம் காயத்ரியும் மாப்பிள்ளையும் முற்றத்துக்கு வந்தார்கள். நன்றி சொல்லத்தான். கூடை நிறையப் பூ வாங்கி வந்து, நீங்கள் நேற்றுச் செய்த மாதிரியே, உருளியில் தண்ணீர் விட்டு மிதக்கவிட்டாள் அந்தப் பெண். அவ்வளவு அழகு. எனக்கே தடுக்க மனம் வரவில்லை.

மணி வந்தார். உருளியைப் பார்த்தார். கை தானாகக் கூப்பிக்கொண்டது. வலமாக ஒரு சுற்று வந்தார். மறுபக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் நின்றார். கால் வரவில்லை.

குனிந்து பூவை அள்ளினார். ஈரத்தை உதறினார். ஒரு கொத்தைக் காயத்ரியின் கையில் கொடுத்து, உருளியைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினார்.

"தலையில வெச்சுக்கோ, கண்ணு," என்றார். "இது மாமா நடக்கற எடமாக்கும்."